என் பாவமும் அம்மாவின் நோயும்

அம்மாவுக்கு முதலில் தூக்கம்தான் போனது. தொண்ணூறுகளின் நடுவில், நான் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் தோற்று, மறுபடி எழுதுவதற்காக வீட்டோடு கிடந்த வருடம் அது. கோயமுத்தூருக்குப் பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மோல்டிங் வேலை. அம்மா சுற்றுப்பட்ட தோட்டங்களுக்குக் களை வெட்டப் போவாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக் கோவில் ஆராதனையில் எல்லோரையும் விட உரக்கப் பாடுவாள். ராகம் தப்பினாலும் அவளுக்குக் கவலையில்லை.

அந்த அம்மா பாடுவதை நிறுத்தினாள். பிறகு சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அதையும் ஒருவழியாகத் தாங்கிக்கொண்டேன். நான் போட்டுக் கொடுத்த சோற்றை மோந்து பார்த்துவிட்டு, "இதுல என்னத்தையோ கலந்திருக்கறே" என்று தட்டைத் தள்ளிவிட்ட அன்றுதான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்தால் சாப்பிட்டாள். நான் கொடுத்தால் மாட்டாள். பெற்ற பிள்ளையின் கையை விஷம் என்று நினைக்கும் அளவுக்கு அவளுக்குள் என்ன புகுந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் சபை சின்னது. எல்லோரும் வந்தார்கள். ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் போதகர் வந்து ஜெபித்தார். மாதர் சங்கத்தார் பாயில் உட்கார்ந்து பாடினார்கள். அம்மா முந்தானையால் காதை அடைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். அந்தச் சமயத்தில்தான் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு எழுப்புதல் கூட்டம் நடந்தது. பேச வந்தவர் வெளியூர்க்காரர். அப்பாவும் நானும் அம்மாவைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப் போனோம். அவர் அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அம்மா அலறி அவர் கையைக் கடித்துவிட்டாள்.

கையை உதறிக்கொண்டு மைக்கில் சொன்னார்: "இந்த வீட்டுல மறைச்சு வெச்ச பாவம் ஒண்ணு இருக்கு. அது வெளிய வர்ற வரைக்கும் இந்த அம்மாவுக்கு விடுதலை கிடையாது."

அப்பா தலை குனிந்து நின்றார். அந்தப் பாவம் எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சில மாதங்களுக்கு முன், கூடப் படித்த ஒருத்தியின் ஊரில் மாரியம்மன் நோம்பி, கோவில் திருவிழா. படிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அங்கே போயிருந்தேன். அவள் என் நெற்றியில் பொட்டு வைத்தாள், கனகாம்பரம் வைத்துவிட்டாள், அம்மனுக்குப் படைத்த மாவிளக்கு மாவை உருட்டி என் கையில் கொடுத்தாள். இனிப்பாக இருந்தது. விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்னக் கூடாது என்று தெரிந்தும் இன்னொரு உருண்டையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

அங்கேயே முழங்காலிட்டு அதைச் சொன்னேன். அவர் அதை மைக்கில் திரும்பச் சொன்னார். கூட்டம் 'ஸ்தோத்திரம்' என்றது. நான் அழுதேன். அம்மா சரியாகிவிடுவாள் என்று நம்பித்தான் அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

மறுநாள் காலையிலும் அம்மா சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்படியென்றால் வேறு பாவமும் இருக்க வேண்டும். தேட ஆரம்பித்தேன். பரீட்சையில் முன்னால் இருந்தவளின் தாளைப் பார்த்தது. சினிமாப் பத்திரிகையை வேதத்துக்குள் வைத்துப் படித்தது. லேத் பட்டறைப் பையன் ஒருவன் போகும் நேரம் பார்த்துக் குழாயடிக்குப் போனது. ஒவ்வொன்றாக அறிக்கையிட்டேன். உபவாசம் இருந்தேன். ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு மயங்கி விழுந்தேன். காலையில் எழுந்ததும் அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பேன். பழைய பார்வை இருக்காது. இன்னும் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். பதினாறு வயதில் ஒருத்தியிடம் எவ்வளவு பாவம் இருக்க முடியும்? தோண்டத் தோண்ட வந்துகொண்டேதான் இருந்தது.

ஞாயிறு மதியம் கோவிலுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் வாலிபர் கூட்டம் நடக்கும். பரீட்சையில் தோற்றவர்கள், பட்டறைக்குப் போகிறவர்கள், வீட்டில் அடி வாங்கிவிட்டு வருகிறவர்கள். பெரியவர்கள் எங்களைத் தேறாத கூட்டம் என்பார்கள். அதிலும் ஒருத்திக்கு ரொம்பக் கெட்ட பெயர். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், பஞ்சு மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை. எவனோடோ மொபெட்டில் போனாள் என்று சொல்லி அவளைப் பாடகர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவளோ கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசியில் சுவரோரமாக உட்காருவாள்.

வருடத்துக்கு ஒருமுறை வாலிபர்களே ஆராதனை நடத்தும் வாலிபர் ஞாயிறு வந்தது. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லும்படி ஐயர் கேட்டார்.

"என்னால முடியாதுங்க ஐயரே. நான் நல்லவ இல்லீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "சரி அம்மணி, ஜெபம் பண்ணிக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மில்காரி கூடவே நடந்து வந்தாள்.

"என்னத்துக்கு புள்ள மாட்டேன்னே?"

"என்னாலதான் எங்கம்மா இப்பிடி ஆயிட்டாங்க."

நோம்பிக்குப் போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"மாவு தின்னதுக்கு உங்கம்மா புத்திய எடுத்துக்கறவரா ஆண்டவரு? அப்பிடிப் பாத்தா நான் பண்ணுனதுக்கு எங்க ஊட்ல ஒருத்தரும் எந்திரிச்சு நடமாட முடியாது."

"அப்பறம் ஏன் கேக்க மாட்டீங்கறாரு? நான் அழுவாத நாளே இல்லயே."

"தெரியல புள்ள. ஆனா எங்க மில்லுல ஒரு அக்காவும் இப்பிடித்தான் இருந்தாங்க. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில மாத்திரை குடுத்தாங்க. இப்ப ஷிப்டுக்கு வாராங்க. உங்கம்மாளையும் கூட்டிட்டுப் போலாம், நானும் வாரேன்."

"விசுவாசம் இல்லாதவன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். என்னையச் சொல்லாததையா உன்னையச் சொல்லிப்போடுவாங்க?"

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பைத்தியக்கார வார்டுக்கா? நாளைக்கு உன்னைய எவன் கட்டுவான்?" என்றார். நானும் அதற்கு மேல் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆண்டவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

பிறகு ஒரு காலை. நான் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா மெயின் ரோட்டுக்குப் போய்விட்டாள். மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வந்த உருளைக்கிழங்கு லாரிக்கு நேரே நடந்திருக்கிறாள். டிரைவர் வண்டியை ஒடித்து மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டார். அம்மா தடுக்கி விழுந்து முழங்கால் கிழிந்திருந்தது. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அந்த டிரைவரும் பின்னாலேயே வந்தார்.

அப்பாவைப் பவுண்டரியிலிருந்து கூட்டி வந்தார்கள். உடம்பெல்லாம் கரியும் மண்ணுமாக வந்து, அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"கூட்டிட்டுப் போலாம் கண்ணு" என்றார். "எங்க சொல்றயோ அங்க போலாம்."

மறுநாள் மில்காரி லீவு போட்டுவிட்டு வந்தாள். நான்கு பேரும் பஸ் ஏறினோம். வண்டி கிளம்பியதும் அம்மா கத்தத் தொடங்கினாள். "என்னையக் கொல்லக் கொண்டு போறாங்க, காப்பாத்துங்க!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் எங்களை இறங்கச் சொன்னார். அப்பா எழுந்துவிட்டார். அவள்தான் குறுக்கே நின்றாள்.

"ஏனுங்க, காய்ச்சக்காரங்கன்னா எறக்கி உடுவீங்களா? இவியளுக்கும் ஒடம்புதானுங்க செரியில்ல."

கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே முன்னால் போய்விட்டார். அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கோவிலில் பாடும் கீர்த்தனை ஒன்றை மெதுவாகப் பாடினாள். பாடக் கூடாது என்று அவளை நிறுத்திய பிறகு அவள் குரலை அன்றுதான் கேட்டேன். அம்மா அடங்கவில்லை. நான்தான் கூடப் பாட ஆரம்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் வெகுநேரம் காத்திருந்தோம். லேடி டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் எனக்கு வாய் அடங்கவில்லை. "என்னாலதானுங்களா டாக்டர்?" என்றேன். ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றார். நோம்பி, மாவு எல்லாம் சொன்னேன்.

"இது வியாதிம்மா. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாதிரி இதுவும் ஒண்ணு. நீ தின்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

சொன்னது காதில் விழுந்தது. நம்பத்தான் முடியவில்லை. மாத்திரை ஆரம்பித்ததும் அம்மா பகலெல்லாம் தூங்கினாள். வாயோரம் எச்சில் வழிந்தது, கை நடுங்கியது. "முந்தி நடமாடிட்டாச்சும் இருந்தா, இப்ப இப்பிடி ஆக்கிப்போட்டீங்களே" என்று சபைப் பெண்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். மாத்திரையைச் சாக்கடையில் கொட்டிவிடலாமா என்று பலமுறை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். என் ஜெபமும் சுருங்கிப்போனது. குணமாக்கும் என்று கேட்க வாய் வரவில்லை. இன்னைக்கு ஒருநாள் என்னை நிற்க வையும் என்று மட்டும் கேட்பேன். அடுத்த நாளும் அதையேதான் கேட்பேன்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார், அளவைக் குறைத்தார். மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு காலையில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா முகத்தைச் சுளித்தாள். "குடத்தக் கழுவாமயா புடிச்சே? அடில பாசி நிக்குது பாரு. எத்தன தடவ சொல்றது?" பழைய அதட்டல். குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குழாயடிக்கே திரும்பி ஓடினேன். அங்கே நின்று அழுதேன்.

முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை விட்டுப்போனால் மறுபடி வரும். வந்தது. மறுபடியும் பஸ், வார்டு என்று அலைந்தோம்.

அடுத்த வாலிபர் ஞாயிறுக்கு நானாகவே போய் ஐயரிடம் கேட்டுப் பேசினேன். நான் நல்லவளாக ஆகிவிடவில்லை என்றேன். அம்மாவும் முழுசாகத் தேறவில்லை, ஆனால் ஆண்டவர் எங்களை விட்டுப் போய்விட்டார் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனதையும் மறைக்கவில்லை. முன் வரிசையில் இரண்டு பெரியவர்கள் எழுந்து வெளியே போனார்கள். அதோடு முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்தபின் வாலிபர் கூட்டத்துப் பையன் ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான். கூட்டத்தில் எந்நேரமும் கேலி பேசுகிறவன். "எங்கக்காளுக்கும் அப்பிடித்தான் இருக்குது. ஊட்டுக்குள்ளயே பூட்டி வெச்சிருக்கறோம்" என்றான். அதற்குள் அவன் கண் நிறைந்துவிட்டது. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போனபோது அவன் அக்காவும் எங்களோடு பஸ்ஸில் வந்தாள். வாலிபர் கூட்டத்தில் ஆள் மாற்றி ஆள் துணைக்கு வந்தார்கள். தேறாத கூட்டம்தான். வார்டில் எந்தக் கவுண்டரில் நிற்க வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று எல்லாம் கற்றுக்கொண்டோம்.

மில்காரியை உடுமலைப்பேட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்தன்று கோவிலில் அவளுக்காகப் பாடகர் குழு பாடியது. நான் கணக்கில் மூன்றாவது முறை பாஸ் செய்தேன். என்ன படிப்பது, எதற்கு உயிரோடிருப்பது என்று தெரியாமல் அப்போதும் குழம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்படி ஒரு நாள் காலையில் வெள்ளை வேட்டி கட்டிய தோட்டத்துச் சொந்தக்காரர் ஒருவர் எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவரைப் போன்றவர்கள் எங்கள் சந்துக்குள் வருவதில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அம்மணி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது நீங்கதானுங்களா? எங்க பையன் பேச்சில்லாம உக்காந்துட்டானுங்க. எங்களுக்கு அங்க ஒண்ணும் தெரியாதுங்க."

ரோட்டோரம் அவர் மகன் நின்றிருந்தான். என் வயதுதான் இருக்கும். அம்மாவின் கண்ணில் நான் பார்த்த அதே வெறிப்பு.

"இருங்க, வாரேன்" என்றேன். இதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்ற யோசனையே வரவில்லை. அம்மாவிடம் மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும் வரை நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினேன். கோயமுத்தூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. துடியலூர் வரை மூன்று பேரும் நின்றுகொண்டே போனோம்.