வேர் அளக்கும் அறை

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றே கூப்பிட்டார்கள். காளானைக் கொதிக்கவைத்து வடித்த நீரில் நெல்லை முளைக்கவிட்டு, வேரின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளப்பது அவள் வேலை. காளானிலிருந்து இறங்கும் ஏதோ ஒரு பொருள் வேரை இரண்டு மடங்கு வளர்த்தது. முளைகளுக்கு வெளிச்சம் படக்கூடாது என்பதால் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பச்சை பல்பு மட்டும். வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். இப்படியே பதினோரு வருடம்.

கணவன் ஒன்பது மணி நேரப் பயணத் தூரத்தில் உள்ள ஊரில் பஸ் ஓட்டினான். மகளும் அவனோடுதான். அந்த ஊருக்கு மாறுதல் கேட்டு நான்கு முறை எழுதிக்கொடுத்தாள். பேராசிரியர் நான்கையும் மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்.

“மத்தவங்க செஞ்சா வேர் வளரவே மாட்டேங்குதும்மா. உன் கைராசி அப்படி. நீ போயிட்டா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்” என்றார், பாராட்டுகிற மாதிரி.

அன்று போனில் மகள் கேட்டாள்: “அம்மா, உனக்கு வர இஷ்டமில்லையா? நேராச் சொல்லிடு.”

போனை வைத்த பிறகு பேராசிரியர் சொன்னதையே யோசித்தாள். கைராசி என்று என்ன இருக்கிறது? தான் செய்வதில் ஏதோ ஒன்று செய்முறைத் தாளில் ஏறாமல் போயிருக்க வேண்டும். ஒரு வாரம் தன் கைகளைத் தானே வேவு பார்த்தாள். கொதித்ததும் வடிகட்டு என்றது தாள். அவளோ மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போவாள், வந்துதான் வடிகட்டுவாள். இரண்டு விதமாகவும் செய்து பார்த்தாள். உடனே வடித்ததில் வேர் சவலைப் பிள்ளையாய் நின்றது. ஊறவிட்டதில் மளமளவென்று இறங்கியது.

ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் தன்னை யார் மதிப்பார்கள் என்ற பயம். மறுநாள் பக்கத்து அறை உதவியாளன் சோடாபுட்டியைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டு வடிக்கச் சொன்னாள். மூன்று தடவையும் அவனுக்கு வேர் நன்றாக வளர்ந்தது.

“அக்கா, உன் கைராசி எனக்கும் ஒட்டிக்கிச்சா?”

“ராசியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. நான் சாப்பிடப் போற நேரம்டா அது.”

ஐந்தாவது விண்ணப்பத்தோடு சோடாபுட்டியின் அளவுகளையும் பேராசிரியர் முன் வைத்தாள். அவர் அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“முன்னாடியே கேட்டிருக்கலாம் சார்.”

கையெழுத்துப் போட்டார்.

மேலிடத்தில் அது ஏழு மாதம் கிடந்தது. அந்த ஏழு மாதமும் அதே பச்சை பல்பின் கீழ் அளந்தாள். பதினோரு வருடத்தில் இல்லாத அளவுக்கு மூச்சு முட்டியது. மாறுதல் உத்தரவு வந்ததும் மகளுக்குப் போன் செய்து சொன்னாள்.

“சும்மா சொல்லாதம்மா. எங்க, படி பாப்போம்.”

அவள் உத்தரவை எண், தேதி உட்பட ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினாள்.