ராஜாவுக்கு ஹார்ன் அடித்த தவமலர்

மலேசியாவின் சாஆ என்ற சிற்றூரில் பள்ளி வேன் ஓட்டும் தவமலரிடம், படமெடுக்கும் காளிதாஸ் வேனை இரவல் கேட்டு வந்தான். தோட்டத்து ஆட்கள் சிலர் வேனோடு சோழர் காலத்துக்குப் போய் மாட்டிக்கொள்ளும் சிரிப்புப் படம். படத்தில் வேன் ஓட்டுநராக மீசைக்கார நடிகர் ஒருவரை வைத்திருந்தான்.

"என் வேன நான்தான் ஓட்டுவேன், தம்பி. படத்துலயும்."

"அலமாக், அக்கா! பொம்பள ஓட்டுனா ஜனங்க நம்ப மாட்டாங்க லா."

"ஆயிரம் வருஷம் பின்னால போற வேன நம்புவாங்க, நான் ஓட்டுறத நம்ப மாட்டாங்களா?"

காளிதாஸ் ஓட்டுநர் வேடத்தை அவளுக்கே கொடுத்தான். கணவர் இறந்து அவள் வேனை எடுத்தபோது ஊரும் இதையேதான் சொன்னது. இன்று அப்படிச் சொன்னவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அவள் வேனில்தான் போகிறார்கள்.

செம்பனை எண்ணெய் மரக் காட்டில் படப்பிடிப்பு நடந்தது. அவள் வேனிலிருந்து இறங்கி சோழ ராஜாவின் காலில் விழ வேண்டும் என்பது காட்சி. கேமரா ஓடியதும் தவமலர் இறங்கவே இல்லை. ஹார்னை விடாமல் அழுத்தினாள். அட்டைவாள் வீரர்கள் நிஜமாகவே சிதறினார்கள். ராஜா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஓடினார்.

"இன்னொரு தடவ எடுக்கலாம், அக்கா. கால்ல விழுங்க."

"எத்தன தடவ எடுத்தாலும் ஹார்ன்தான், தம்பி."

காளிதாஸ் அதையே வைத்துக்கொண்டான். பக்கத்து நகரமான செகாமட்டில் படம் ஓடியபோது கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது அந்த இடத்தில்தான்.