லேபிள் இல்லாத ஒரு கறுப்பு

என் வீட்டு இரும்பு பீரோவின் நடுத்தட்டில் முப்பத்தெட்டு மை பாட்டில்கள் இருக்கின்றன. முப்பத்தெட்டும் கறுப்பு. பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று என்று கலந்திருந்தாலாவது ஏதோ ஆசை, போகட்டும் என்று விட்டிருப்பேன். மனிதர் கறுப்பைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். வெளிச்சம் பட்டால் மை கெட்டுவிடும் என்று பாட்டில்கள் பீரோவுக்குள் ஏறிக்கொண்டன. என் துணிமணி வெளியேறிக் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. துணி கெட்டால் பரவாயில்லை போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டிரைவருக்கும் இங்க் பேனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நானும் கேட்டவள்தான். கல்யாணமான இரண்டாம் வருஷம், மழைக்காலத்தில் ஒரு நாள், வண்டியின் பிரேக் இடது பக்கம் இழுக்கிறது என்று டிப்போவின் வண்டிப் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டு வந்தார். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, புத்தகம் நனைந்து, எழுதியதெல்லாம் கரைந்துவிட்டது. மறுநாள் வேறொருவர் அந்த வண்டியை எடுத்து டிப்போ சுவரில் கொண்டுபோய் இடித்தார். நீ ஏன் எழுதவில்லை என்று இவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எழுதினேன் என்று இவர் காட்டிய இடத்தில் ஊதாக் கறை ஒன்றுதான் இருந்தது. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். டிரைவர் கறுப்பில்தான் எழுத வேண்டும் என்பது டிப்போ சட்டம். அழியாத கறுப்பு எது என்று தேடக் கிளம்பியவர் இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறார்.

கடையில் ஒட்டிய பெயர் எதுவும் இவருக்கு ஆகாது. வாங்கிவந்த அன்றே அதைச் சுரண்டி எறிந்துவிட்டுத் தன் கையால் ஒரு துண்டுச் சீட்டில், அந்தந்த மையாலேயே, புதுப் பெயர் எழுதி ஒட்டுவார். எல்லாம் சொந்தக்காரர்கள் பெயர். எழுதிப் பத்து நிமிஷம் ஆனாலும் காயாமல் முறைத்துக்கொண்டிருக்கும் மைக்கு ‘பெரிய மச்சான்’, அதாவது என் அண்ணன். இந்தப் பக்கம் எழுதினால் அந்தப் பக்கம் தெரிகிற மைக்கு ‘சின்ன அத்தை’. பேனாவுக்குள் போய் உட்கார்ந்தால் கிளம்பவே கிளம்பாதது ‘மாமனார்’. தண்ணி பட்டதும் நிறம் மாறுவது ‘சித்தப்பா’. என் அப்பாவையும் அண்ணனையும் பாட்டிலில் அடைத்திருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் சித்தப்பாவைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதற்கில்லை, அது அப்படியே உண்மை.

இதோடு விட்டாரா? தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள், ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்.

“எது அதிகக் கறுப்பு? சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லு.”

“கறுப்பு கறுப்புதான். நகருங்க, வெளிச்சம் மறைக்குது.”

இருபத்தாறு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். நான் கோட்டு, பேண்ட் தைக்கும் கடைக்குத் தைத்துக் கொடுப்பவள். கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் பொருத்துவதைப் போலத் தலைவலி எங்கள் தொழிலில் கிடையாது. ஒன்று பழுப்படிக்கும், ஒன்று பச்சையடிக்கும், கடைக்குள் சரியாக இருந்தது வாசலுக்கு வந்தால் பல்லைக் காட்டும். இவர் நீட்டுகிற தாளில் எது என்ன கறுப்பு என்று எனக்கு ஒரே பார்வையில் தெரியும். சொன்னால் அவ்வளவுதான், முப்பத்தெட்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீரோ நடுத்தட்டில் ஒரே பிசுபிசுப்பு. பெரிய மச்சான் ஒழுகியிருந்தார். எனக்கு வந்ததே கோபம். இவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். மூடிகளை இறுக்கிவிட்டு, முப்பத்தெட்டு பாட்டிலையும் ஒரு பெரிய டப்பில் போட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரை ஊற்றினேன். அரை மணி கழித்து வந்து பார்த்தால் பாட்டில்கள் எல்லாம் பளபளவென்று அடியில் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் மேலே மிதக்கிறார்கள்.

சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய துண்டின்மேல் பரப்பிக்கொண்டிருக்கும்போதே இவர் வந்துவிட்டார். இன்றைக்கு வீடு இரண்டுபடப் போகிறது என்று நினைத்தேன். இவர் குனிந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா? பசை போயிருக்கு, எழுத்து அப்படியே நிக்குது! சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும்தான் கரைஞ்சிருக்காங்க!”

இப்படிப்பட்ட ஆளிடம் என்னவென்று சண்டை போடுவது? அந்தச் சீட்டுகளில் ஒன்று எனக்குப் புதிதாக இருந்தது. ‘இவ’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“இது யாரு?” என்றேன்.

வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “அது ஒண்ணுமில்ல. கண்ணாலயே பாத்து எல்லாத்தையும் ஒட்டிடறேன். அரை மணி நேர வேலை.”

ஜன்னல் ஓரமாகப் பாயை விரித்து உட்கார்ந்தார். ஒவ்வொரு மையின் கோடும் குறிப்பும் எழுதிவைத்த நோட்டு ஒரு பக்கம், பாட்டில்கள் ஒரு பக்கம். ஈர்க்குச்சியில் தொட்டு ஒரு கோடு, நோட்டைப் பார்ப்பது, தாளைச் சாய்த்துப் பார்ப்பது, சீட்டை ஒட்டுவது. நான் மிஷினில் உட்கார்ந்து ஒரு பேண்டுக்கு மடிப்படித்துக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணால் பார்த்தபோது, விளிம்பு ஊதாவடித்த ஒரு பாட்டிலில் ‘மாமனார்’ என்று ஒட்டிக்கொண்டிருந்தார். என் அப்பா பழுப்பு. ஊதா சித்தப்பா. வம்புக்குச் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அடுத்ததும் தப்பு. பச்சையடிக்கிற சின்ன அத்தையின் இடத்தில் அப்பட்டமான நீலக்கறுப்பு ஒன்று போய் உட்கார்ந்தது. அதற்கடுத்ததும் தப்பு. ஆனால் மனிதர் தலையை ஆட்டி ஆட்டி, அவ்வளவு நிச்சயமாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

என் கால் மிஷின் மிதியில் நின்றுவிட்டது. கொஞ்ச நாளாக நான் எரிந்து விழுந்துகொண்டிருந்த விஷயங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போடுகிறார் என்று திட்டியிருந்தேன். சாயங்கால ஷிஃப்டை மாற்றிக்கொண்டு காலை ஷிஃப்ட் மட்டும் எடுக்க ஆரம்பித்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “இப்பல்லாம் எதிர்ல வர்றவன் அத்தனை பேரும் கண்ணு கூசற மாதிரியே லைட்டு போட்டுட்டு வர்றான்” என்று ஊரில் உள்ள டிரைவர்களை எல்லாம் திட்டியிருந்தார்.

எழுந்துபோய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“கண்ணு எத்தனை நாளா தெரியல?”

“யாருக்கு?”

“எனக்கில்ல.”

“நல்லாத்தான் தெரியுது. போன வருஷம் டிப்போ டெஸ்ட்ல பாஸ் பண்ணல?”

“எப்படிப் பண்ணீங்க?”

பூசி மெழுகப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், முன்னால் நின்றவர்கள் வரிசையாக எழுத்துகளைப் படிக்கப் படிக்க, அட்டை மொத்தமும் மனப்பாடமாகிவிட்டதாம். டாக்டர் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டு வந்திருக்கிறார்.

“ரெண்டு வருஷம்தான் இருக்கு ரிட்டயராக. சொன்னா டிப்போவுல ஒரு ஸ்டூல்ல உக்கார வெச்சுடுவாங்க. எல்லாரும் வண்டி எடுத்துட்டுப் போறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அந்த ரூட்டை நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன், தெரியுமா?”

“அதைத்தானே செஞ்சிட்டிருக்கீங்க!”

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. தினமும் காலையில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர். பிரேக் இழுக்கிறது என்று எழுதியது அழிந்துபோனதற்காக இருபத்தாறு வருஷம் மை தேடிய மனிதர், தன் கண் இழுக்கிறதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இதையே அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகையும் வந்துவிட்டது.

இவர் கையிலிருந்த சீட்டைப் பாயில் வைத்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

“ஆமா, நான் தப்பா ஒட்டறேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? உனக்குத்தான் எல்லாம் ஒரே கறுப்பாச்சே?”

கையும் களவுமாகப் பிடிபட்டேன். இருபத்தாறு வருஷத்துக் குட்டு.

“நூல் பொருத்தறவளுக்குத் தெரியாதா?” என்று முனகினேன்.

“தெரிஞ்சுக்கிட்டேவா அத்தனை வருஷமும்...”

“இப்ப அந்தப் பேச்சை எடுக்காதீங்க. மேனேஜருக்கு லெட்டர் எழுதுங்க.”

அவர் ஒட்டியதையெல்லாம் பிய்த்துவிட்டு நான் ஒட்ட ஆரம்பித்தேன். கரைந்த ஐந்து பேருக்கும் புதுச் சீட்டு எழுதி ஒட்டியதும், சித்தப்பா, மாமனார், சின்ன அத்தை என்று முப்பத்தேழு சொந்தக்காரர்களும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பாட்டில் மட்டும் பெயரில்லாமல் நின்றது.

“அதைக் குடு. அதுலதான் எழுதணும்” என்றார்.

அவர் பேனாவில் மை நிரப்பும்போது நான் நோட்டை எடுத்து ‘இவ’ என்று போட்டிருந்த பக்கத்தைத் தேடிப் படித்தேன். நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. ‘எழுத ஆரம்பிக்கும்போது முரண்டு பிடிக்கும். கீறும். காய்ந்தபின் தண்ணீர், சோப்பு, டீசல் எதற்கும் அசையாது. பிரேக், ஸ்டீயரிங் எழுத மட்டும்.’

முரண்டாம், கீறுமாம். அந்த நோட்டாலேயே மண்டையில் ஒன்று போடலாமா என்று இருந்தது. ஆனால் கடைசி வரியைத் திரும்ப ஒரு தடவை படித்துவிட்டு, மூடி வைத்துவிட்டேன்.

மேனேஜருக்கு அவர் எழுதியது நாலே வரி. ஒரு வருஷமாகப் பார்வை சரியில்லை, போன பரிசோதனையில் அட்டையை ஒப்பித்தேன், நாளையிலிருந்து வண்டி எடுக்க மாட்டேன், சிகிச்சைக்கு அனுமதி வேண்டும். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். மேனேஜர் எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டியிருக்கிறார், மெமோவும் வந்தது, அந்த ஸ்டூலும் வந்தது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கண் டாக்டர் அம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ரெண்டு கண்ணுலயும் புரை முத்திப்போச்சு. இத்தனை நாள் எப்படிம்மா விட்டீங்க?” மறைத்தது அவர், திட்டு எனக்கு. இது எங்கள் வீட்டு வழக்கம்தான்.

முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும், குனியாதே, நிமிராதே, கண்ணுக்கு வேலை கொடுக்காதே என்று டாக்டர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. நான் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது பீரோ பக்கத்திலிருந்து ஒரு கூச்சல்.

“இது நீலம்! அடிப்பாவி, இது நீலம்!”

ஓடிப்போய்ப் பார்த்தால், தரையில் நோட்டைப் பரப்பிக்கொண்டு ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறார். பழைய கண்ணால் பார்த்தால் கறுப்பாம், புதுக் கண்ணால் பார்த்தால் நீலமாம். பார்த்த முப்பத்தேழில் பதினொன்று கறுப்பே இல்லையாம். பால் பொங்கி அடுப்பு அணைந்த வாசனை வந்தது. அதற்குள் பெரிய மச்சானை மறுபடி ஒழுக விட்டிருந்தார்.

“இவ்வளவு வருஷமா நான் கறுப்புன்னு நெனச்சு... இப்ப எல்லாத்தையும் முதல்லேருந்து பாக்கணும்!”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. போய் அடுப்பைத் துடைத்துவிட்டு, துணியோடு வந்து தரையையும் துடைத்தேன். அதுவரை அவர் பெயர் ஒட்டாத அந்தக் கடைசிப் பாட்டிலைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஈர்க்குச்சியால் ஒரு கோடு இழுத்து, பொத்திப் பொத்திப் பார்த்தார். தாளை என்னிடம் நீட்டினார்.

“நீ சொல்லு. இது கறுப்பா, நீலமா?”

கறுப்பு கறுப்புதான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, எனக்குத் தெரிந்ததுதான்.

“நீலக்கறுப்பு. வாங்கிட்டு வந்த அன்னிக்கே நீலக்கறுப்பு.”

“நாலு வருஷமா பிரேக் விஷயமெல்லாம் நீலத்துலயா எழுதியிருக்கேன்? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? முதல் நாள்லயே ஒரே கறுப்புன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். அப்புறம் எப்படி மாத்திப் பேசறது?”

அவர் என்னையே பார்த்தார். புதுக் கண்ணாலா, பழைய கண்ணாலா, தெரியவில்லை.

“எனக்கும் அதேதான்” என்றார். “ஒரு நாள் டிப்போவுல, தெரியுதுன்னு சொல்லிட்டேன்.”

சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்தார். மடிந்து, ஓரம் கசங்கியிருந்தது. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. பசை காலி என்பதால் நான் மிஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து வந்து ஒட்டினேன், இனிமேல் சோப்புத் தண்ணீரில் போட்டாலும் வராதபடி பாட்டிலைச் சுற்றி மூன்று சுற்று. ஒட்டி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு கோடு போட்ட தாள் என் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

“எது அதிகக் கறுப்பு?”

“இடது பக்கம்” என்றேன். அவ்வளவுதான், மிச்சம் முப்பத்தேழையும் பீரோவிலிருந்து இறக்க ஆரம்பித்துவிட்டார்.