கொக்குவிலிலிருந்து நெல்லியடிக்கு: டைனமோவில் ஓடிய ஒரு கச்சேரி

யாழ்ப்பாணத்துக்கு இசை நிகழ்ச்சி பார்க்கப் போகிறோம், எப்படிப் போகலாம், எங்கே தங்கலாம் என்று இந்த வலைப்பக்கத்துக்கு எழுதிக் கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். போன மாதம் ஒருவர், நாதஸ்வரமும் மின்கிற்றாரும் சேர்ந்த கச்சேரி ஒன்று நெல்லியடிப் பக்கம் நடக்கிறதாம், அந்தப் பாதை தெரியுமா என்று கேட்டிருந்தார். தெரியும். அதே பாதையில், அதே மாதிரி ஒரு கச்சேரிக்கு, 1994 வைகாசியில் ஒரு சனிக்கிழமை நான் சைக்கிள் மிதித்துப் போயிருக்கிறேன். அந்தப் பயணத்தைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கொக்குவிலில் எங்கள் வளவின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் திரேசாக்கா குடியிருந்தார். குருநகர்க்காரர். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பிறகு ஷெல்லடியில் வீடும் போய், ஒரே மகன் அன்ரனோடு எங்களிடம் வந்திருந்தார். அன்ரனுக்கு இருபத்தொரு வயது. தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் பழகி, பிறகு ஓர் இசைக்குழுவில் மின்கிற்றார் வாசித்தான். நான் அவனுடைய முதல் ரசிகன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்திருந்தேன். அவன் வாசிக்கிற இடமெல்லாம் போய் முன்வரிசையில் குந்துவேன்.

நெல்லியடிக் கச்சேரி அவனுக்குக் கடைசிக் கச்சேரி. ஜேர்மனியில் இருந்த மாமன் ஒழுங்கு செய்து, ஊரை விட்டு வெளியேறுவதற்கான பாஸும் கிடைத்துவிட்டது. மறுநாள் ஞாயிறு பின்னேரம் கிளாலிக்குப் போய், கடல்நீரேரியைப் படகில் கடந்து, கொழும்புக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் எங்களுக்கு வெளியே போக இருந்த வழி அது ஒன்றுதான். அந்த வழியில் எத்தனை பேர் போய்ச் சேரவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டோம்.

திரேசாக்கா அதுவரை மகன் மேடையில் வாசித்து ஒருமுறையும் கேட்டதில்லை. பெரிய சத்தம் கேட்டால் அவருக்குக் கை கால் நடுங்கும். பொழுதுபட்டால் வளவில் வெட்டிய பதுங்குகுழிக்கு, பங்கருக்கு, பக்கத்திலேயே பாயைப் போட்டுவிடுவார். அதனால் என்னிடம் ஒரு வேலை தந்திருந்தார். "தம்பி, உன்ரை றேடியோப் பெட்டியைக் கொண்டுபோய் அவன் வாசிக்கிறதைப் பதிஞ்சுகொண்டு வா. அவன் போனாப் பிறகு எனக்குக் கேக்க ஒண்டு வேணும்."

மின்சாரம் இல்லாத காலம். பற்றரியும் அரசு தடை செய்த பொருள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் நாங்கள் செய்தியும் பாட்டும் கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார். என்னுடைய கசெற் றேடியோவும் அப்படித்தான் ஓடியது. தேடித்திரிந்து வாங்கிய புதுக் கசெற் ஒன்றையும் அதற்குள் போட்டு, பெட்டியைச் சாக்கில் சுற்றி ஹாண்டிலில் கட்டிக்கொண்டேன்.

அன்ரன் குழுவோடு காலையிலேயே போய்விட்டான். இரண்டு மணிக்கு நான் வெளிக்கிட்டபோது படலையடியில் திரேசாக்கா நல்ல சேலை உடுத்திக்கொண்டு நின்றார்.

"நானும் வாறன். உந்தப் பெட்டி கேக்கப்போறதை, பெத்த நான் கேக்கக் கூடாதோ?"

"சத்தம் ஏலாது எண்டனீங்கள்?"

"ஏலாதுதான். வாறன்."

அவரைக் கரியரில் ஏற்றிக்கொண்டேன். திருநெல்வேலி, இருபாலை, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று அந்தத் தெரு போகும். நெல்லியடி வரை ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். நீர்வேலியில் வாழைத் தோட்டங்கள், புத்தூர் தாண்டினால் வெங்காயமும் புகையிலையும். தென்மேற்கில் இருந்து வீசுகிற சோளகக் காற்று பின்னால் இருந்து தள்ளியது. திரேசாக்கா செபமாலை உருட்டிக்கொண்டே வந்தார். குழிகளில் சைக்கிள் குதிக்கும்போது மட்டும் செபம் நின்று, "மெல்லத் தம்பி" வரும்.

அச்சுவேலிச் சந்தையடியில் பின்சில்லுக்குக் காற்று அடிக்க நிறுத்தினோம். சைக்கிள் கடைக்காரர் எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னேன்.

"நாயனத்தோடை கிற்றாரோ? ஒத்து வருமே?"

"ஒத்து வராட்டி நான் ஏன் உவ்வளவு தூரம் வாறன்?" என்றார் திரேசாக்கா. அவர் அதுவரை கோயில் மேளக்கச்சேரி ஒன்றும் கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கடைக்காரர் குனிந்து காற்றை அடித்தார்.

அதற்குப் பிறகு வல்லை வெளி. ஒரு மரம் கிடையாது, ஒரு வீடு கிடையாது. மேலே விமானம் ஏதும் வந்தால் ஒதுங்க ஒரு பற்றைகூட இல்லை. அந்த வெளியை எல்லாரும் வாய் திறக்காமல்தான் கடப்பார்கள். நாங்களும் அப்படியே கடந்தோம்.

மைதானத்தை அடைந்தபோது ஐந்து மணி. ஊர்ச்சனம் முழுக்க அங்கே இருந்தது. ஒரு பக்கம் வேட்டி கட்டி, தாளம் போடத் தொடையைத் தயாராக வைத்திருந்த பெரியவர்கள், மறுபக்கம் இளந்தாரிகள். மேடையில் நாதஸ்வரமும் தவிலும், அவற்றுக்குப் பக்கத்தில் அன்ரனின் கிற்றாரும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளும். பின்னால் ஜெனரேற்றர். அது மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் கிளப்புவதற்குக் கொஞ்சம் பெற்றோல் காட்ட வேண்டும். பெற்றோல் அப்போது கண்ணுக்கு விடுகிற மருந்து மாதிரி, துளிக்கணக்கில்தான் கிடைக்கும். ஊரெல்லாம் கேட்டுச் சேர்த்த பெற்றோல் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் இருந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஜெனரேற்றர் இரைகிற இடத்தில் வானம் கேளாது. ஆகவே கூட்டத்தை விட்டுத் தள்ளி, மதில்மேல் ஒருவரை இருத்துவார்கள். அவருடைய வேலை கச்சேரி கேட்பது அல்ல, குண்டு போட வருகிற பொம்பரின் இரைச்சலைக் கேட்பது. கேட்டால் விசில் ஊதுவார். உடனே வெளிச்சம் நிற்கும், எல்லாரும் நிலத்தில் படுக்க வேண்டும்.

ஆறு மணிக்கு நாதஸ்வரக்காரர் மோகனத்தில் தொடங்கினார். ஐம்பது வயதிருக்கும், சிரிக்காத மனிதர். அவர் ஒரு சுற்று வாசிப்பார், அன்ரன் அதைக் கிற்றாரில் திருப்பிச் சொல்வான். தவில் நடுவில் புகுந்து இருவரையும் துரத்தும். பெரியவர்கள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு தொடையில் தட்டத் தொடங்கினார்கள். நானும் தட்டினேன். திரேசாக்கா சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் மேடையில் வைத்திருந்தார். கொஞ்சம் பழகிவிட்டுக் கேட்கிறேன் என்று சைகை காட்டினார். அன்ரன் தனியாக வாசிக்கும்போது பதியலாம் என்று நானும் காத்திருந்தேன்.

அவனுடைய முறை வந்தது. தடித்த கம்பியை மெல்லத் தட்டி, அந்த நாதத்தை விடாமல் வளர்த்தான். தூரத்தில் இரைந்து, கிட்ட வந்து, தலைக்கு மேலே வருகிற மாதிரி அது பெருகியது. மதிலில் இருந்தவர் விசிலை ஊதினார்.

ஜெனரேற்றர் நின்றது. வெளிச்சம் போனது. மைதானம் முழுக்க ஒரே நேரத்தில் நிலத்தில் விழுந்தது. நானும் விழுந்தேன். புல் வாய்க்குள் போனது. திரேசாக்கா என் சேட்டைப் பிடித்தபடி "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்தார். குண்டுக்குக் காத்திருந்தோம். ஒன்றும் விழவில்லை. வானத்திலும் ஒரு சத்தம் இல்லை.

அப்போது மேடையில் இருந்து அன்ரனின் குரல் கேட்டது. "அது பொம்பர் இல்லை. நான்தான்."

பிறகு இருட்டுக்குள் யாரோ, "அட கோதாரி!" என்றார். மைதானமே படுத்தபடி சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் அழுதுகொண்டும் இருந்தார்கள் என்பது எழும்பியபோதுதான் தெரிந்தது. ஒரு கம்பி அதிர்ந்ததற்கு ஓர் ஊரே முகங்குப்புற விழுகிறது என்றால், எங்களை என்ன செய்து வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வரும்.

ஜெனரேற்றரைத் திரும்பக் கிளப்பப் போனார்கள். அதை நிறுத்த ஓடிய அவசரத்தில் யாரோ மருந்துப் போத்தலைத் தட்டிவிட்டிருந்தார்கள். பெற்றோல் மண்ணுக்குள் போய்விட்டது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மின்சாரம் தேவையில்லை. மின்கிற்றார் அப்படியல்ல, மின்சாரம் இல்லாவிட்டால் வாசிக்கிறவனுக்கு மட்டும்தான் அது கேட்கும். அன்ரன் கிற்றாரைத் தோளில் இருந்து கழற்றினான்.

"அப்ப அவ்வளவுதானோ?" என்றார் திரேசாக்கா. "நான் காதைப் பொத்திக்கொண்டெல்லோ இருந்தனான்."

அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேடையடிக்குப் போனேன். என்னுடைய பெட்டியில் ஒலிவாங்கி செருகுகிற துளை ஒன்று இருந்தது. கிற்றாரின் வயரை அதற்குள் கொடுத்தால் பெட்டியே சின்ன ஒலிபெருக்கியாகும். ஆனால் ஒன்றுதான் முடியும். சத்தமாக வெளியே விட்டால் பதியாது; பதிந்தால் வெளியே கேளாது. அன்ரன் தாயைப் பார்த்தான்.

"அம்மா, பதிஞ்சு தரட்டே? நான் போனாப் பிறகு கேக்கலாம். எப்பவும் இருக்கும்."

திரேசாக்கா கன நேரம் யோசிக்கவில்லை. "பதிஞ்சதைக் கேக்கேக்கை உன்ரை முகம் எங்கை இருக்கும்? இப்ப வாசி. நான் பாத்துக்கொண்டு கேக்கிறன்."

சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோம். பெடலைப் பிடிக்க நான் குனிந்தேன். திரேசாக்கா என்னை விலக்கிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலத்தில் குந்தினார். வலை இழுத்த கை. பெடல் சுற்றத் தொடங்கியது. பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

சத்தம் மிகச் சின்னது. நாதஸ்வரக்காரர் எழும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் கிட்ட வாங்கோ. மூச்சு விடுறதெண்டாலும் மெல்ல விடுங்கோ," என்றார். தன்னுடைய குழலை உறைக்குள் வைத்துவிட்டுக் கையால் தாளம் போட்டார். தவில்காரர் விரல்களில் இருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் விரலால் தோலைத் தடவுகிற மாதிரி வாசித்தார். ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு ஒன்றின் வெளிச்சத்தில், சனம் சுற்றி நெருக்கி அமர்ந்திருக்க, அன்ரன் வாசித்தான். விட்ட இடத்தில் இருந்து, அதே மோகனம். தாயைப் பார்த்தபடியே வாசித்தான். காதைப் பொத்த அவருக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. இரண்டு தரம் நான் மாற்றிச் சுற்றக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் கை ஓய்ந்தபோது பாட்டும் அடங்கியது. யாரும் கைதட்டவில்லை. நாதஸ்வரக்காரர் வந்து திரேசாக்காவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பள்ளிக்கூட விறாந்தையில் படுத்து, விடியற்காலை புறப்பட்டோம். அன்ரன் குழுவோடு நேரே கிளாலிக்குப் போவதாக ஒழுங்கு. "போட்டு வாறன் அம்மா," என்றான். "கவனமப்பு," என்றார் அவர். திரும்பி வரும்போது வல்லை வெளியில் சோளகம் முகத்தில் அடித்தது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தோம்.

அன்ரன் ஏறிய படகு கரை சேரவில்லை. அதைவிட அதிகமாக எழுத எனக்கு விருப்பமில்லை. அவனுடைய வாசிப்பு எந்த நாடாவிலும் இல்லை. நான் கொண்டுபோன கசெற் வெறுமையாகவே இருக்கிறது.

இனி, கேட்டவருக்குப் பயண விபரம். யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினால் சுமார் ஒரு மணித்தியாலத்தில் நெல்லியடியில் இறங்கலாம். கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம். திரும்பி வர முன்கூட்டியே ஓட்டோ பேசி வையுங்கள். சைக்கிளில் போகிறவர்கள் வைகாசி, ஆனியில் காற்றை யோசித்துப் புறப்படுங்கள். போகும்போது தள்ளுகிற சோளகம் வரும்போது வட்டியும் முதலுமாக வாங்கிவிடும். இப்போது மைதானத்தில் வெளிச்சம் இருக்கும், ஒலிபெருக்கி இடிக்கும், எல்லாரும் கைபேசியை உயர்த்திப் பிடித்திருப்பார்கள். பிடிக்கட்டும். பதிந்து வைக்க ஆசைப்படுகிறவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் அந்த ஆசை எனக்கும் போகவில்லை. போன வருடம் குருநகரில் திரேசாக்காவைப் பார்க்கப் போனேன். திரும்பக் கட்டிய வீட்டில் தனியே இருக்கிறார். காது இப்போது அவ்வளவாகக் கேளாது. இத்தனை வருடம் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அண்டைக்குப் பதிஞ்சிருக்கலாம் எண்டு ஒருநாளும் நினைக்கேல்லையே?"

அவர் வலது கையை உயர்த்தினார். இல்லாத பெடல் ஒன்றைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார்.

"அவன் பெலமா வாசிக்கேக்கை பெடல் இறுகும் தம்பி. மெல்ல வாசிக்கேக்கை விட்டுக்குடுக்கும். இந்தா, இதிலை இறுகும்... இப்ப விடும். பதிஞ்சிருந்தா இது எனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

கை சுற்றிக்கொண்டே இருந்தது. சில இடங்களில் பாரத்தைத் தள்ளுகிற மாதிரி நின்று நின்று போனது, சில இடங்களில் இலேசாக ஓடியது. அவர் ஓரிடத்திலும் தடுமாறாமல், கடைசி வரை சுற்றி முடித்துவிட்டுத்தான் கையை மடியில் வைத்தார்.