சந்தை கூடாத நாளில் அளந்துவிட்டேன்

எங்கள் ஊர்ப் பழைய சந்தையைப் புதுப்பிக்க வியாபாரிகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து குழு அமைத்தோம். கடைகளைக் கணக்கெடுத்து இடம் ஒதுக்கும் பொறுப்பு என்னுடையது. வியாபாரத்துக்கு இடைஞ்சல் வேண்டாமென்று, சந்தை கூடாத நாளில் போய் அளந்தேன்.

புதுச் சந்தை கூடிய முதல் நாள், வாராவாரம் தரையில் சாக்கு விரித்து மிளகாய் விற்கும் சரசக்கா கூடையோடு வந்தார். எல்லா இடத்துக்கும் எண் போட்டிருந்தோம். அவருக்கு எண் இல்லை.

“ஏனுங்க அம்மணி, நான் எங்கீங்க உக்கார்றது?”

கையிலிருந்த பட்டியலை மேலும் கீழும் புரட்டினேன்.

“பரவால்லீங்க, சந்தை அம்சமா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுவாரமே அவருக்கு இடம் ஒதுக்கினோம். அவர் வரவில்லை. தேடிப்போகலாமென்றால், இத்தனை வருஷத்தில் அவர் எந்த ஊரென்று நான் கேட்டதேயில்லை.

இப்போதெல்லாம் கணக்கெடுக்கச் சந்தை நாளில்தான் போகிறேன். தரையில் உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் முதலில் பேரும் ஊரும் கேட்கிறேன். சரசக்காவின் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.