மார்கழி நேர்த்தியும் கிறிஸ்மஸ் பஞ்ச்சும்

பார் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமார் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணே, ருசி பாக்காம கலக்க முடியுமா?" முடியாது என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு கிறிஸ்மஸுக்கு நான் அப்படித்தான் கலக்கினேன்.

அப்போது பெல்மதுளைக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் கிளப் ஒன்றில் நான் பார்மேன். வருஷம் முழுவதும் விஸ்கி சோடாவும் பீரும்தான் ஓடும். கிறிஸ்மஸுக்கு மட்டும் பெரிய பீங்கான் சட்டியில் பஞ்ச் கலக்க வேண்டும்: சாராயம், பிராந்தி, தோடம்பழச் சாறு, கித்துல் பனையின் இனிப்புப் பாணி, பட்டை, கிராம்பு, ஆறிய தேயிலைச் சாயம். துரைமாரும் துரைசாணிமாரும் சுற்றி நிற்க, முதல் கரண்டியைப் பார்மேன் குடித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களுக்கு. எந்தக் காலத்திலோ யாரோ கெட்டுப்போன சரக்கை ஊற்றி எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியதாம். அன்றிலிருந்து அந்த வழக்கம்.

அந்த வருஷம் என் மனைவி செல்லம்மா நிறைமாதம். முன்னே பிறந்த இரண்டும், நாங்கள் தோட்டத்து மேட்டு லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது, தங்காமல் போய்விட்டன. மார்கழி பிறந்ததும், பிள்ளை கைக்கு வரும்வரை மது என் நாக்கில் படாது என்று கதிர்காமத்தானுக்கு நேர்ந்துகொண்டேன். பீர்ப் பீப்பாய் திறந்தால் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புகிறவன்தான் நான். துப்பினாலும் பட்டது பட்டதுதானே.

கிளப்பின் காரியதரிசித் துரையிடம் இதைச் சொல்லப் பயம். வேலை போனால் கிளப்புக்குப் பின்னால் எங்களுக்குத் தந்திருந்த அறையும் போகும். அங்கிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். மறுபடி அந்த மேட்டு லயத்தில் அவளைப் பிள்ளைப்பேற்றுக்கு வைத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கலக்குகிற நாள் வந்தது. கிளப்புச் சமையல்காரர் பொடியப்புவை ருசி பார்க்கச் சொன்னேன். சிங்களவர், தங்கமான மனுஷர். எதைக் கொடுத்தாலும், "ஹொந்தாய் முத்தையா, ஹரிம ஹொந்தாய்" என்றார். பாணி ஊற்ற மறந்த கிளாஸும் நல்லதாம், கிராம்பு கூடிப்போன கிளாஸும் நல்லதாம். கொஞ்ச நேரத்தில் பாடவே ஆரம்பித்துவிட்டார்.

செல்லம்மா கதவோரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாசமானதிலிருந்து அவளுக்கு எந்த வாடையும் ஆகாது.

"கிராம்ப ஏங்க இம்புட்டு அள்ளிப் போட்டீங்க? பல்லுவலி மருந்து மாதிரி நெடி அடிக்குது" என்றாள்.

என் நாக்குக்குப் பதில் அவள் மூக்கே போதுமே என்று எனக்குச் சட்டென்று உறைத்தது. வேறொரு கிளாஸைக் கலந்து நீட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே மோந்தாள்.

"சாராயந்தான் முந்திக்கிட்டு வருது. பழம் எங்கங்க?"

சாறு சேர்த்தேன்.

"இப்ப பட்டை தூக்கலா இருக்கு."

சாயம் ஊற்றினேன். கடைசியில் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இது பரவாயில்ல. கொமட்டல" என்றாள். அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் என் சரக்குக்கு எந்தத் துரையிடமிருந்தும் கிடைத்ததில்லை.

"கரண்டிய நீட்டினா என்ன சொல்லப் போறீங்க?"

"பல்லு வலின்னு சொல்லிக்கிறேன்."

"பிள்ளைக்காக நேர்ந்தது. அதுக்குப் போயி பொய் சொல்லாதீங்க." அவள் குரல் நடுங்கியது.

அன்று சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள். காரியதரிசித் துரை கரண்டியில் மொண்டு நீட்டினார். அவர் தோட்டத் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"முத்தையா, குடி."

"மன்னிக்கணுங்க தொரை. பல்லு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டேன். "நேர்ந்திருக்கேனுங்க. பொஞ்சாதி மாசமா இருக்கா. முன்ன ரெண்டு பிள்ளை தங்கலீங்க. இது பொறக்குற வரைக்கும் தொடமாட்டேன்னு சாமிக்குச் சொல்லிட்டேனுங்க."

"அப்ப ருசி பாத்தது ஆரு?"

"அவதான் மோந்து பாத்துச் சொன்னாளுங்க தொரை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அப்போது அவருடைய துரைசாணி வந்து அவர் முழங்கையைத் தொட்டார். அவர்களுக்கும் ஒரு பெண் குழந்தை இருந்தது. காய்ச்சலில் போய்விட்டது. இரத்தினபுரி சர்ச் கல்லறையில்தான் அடக்கம். கிளப்பில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பேசமாட்டார்கள்.

துரை அந்தக் கரண்டியைத் தானே குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பார்மேன் குடிச்சாச்சு. எல்லாருக்கும் ஊத்து" என்றார். என் கண் நிறைந்துவிட்டது. முதல் கிளாஸில் பாதி மேசையில்தான் ஊற்றினேன்.

தம்பிமாரே, மேலே இருப்பவரிடம் முடியாது என்று சொல்ல நேர்ந்தால் காரணத்தை உள்ளபடியே சொல்லிவிடுங்கள். எல்லாத் துரையும் அவரைப் போல இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் நான் பல் வலி என்றிருந்தால் அந்த மனுஷருக்கு இரங்க ஒரு வழியே இருந்திருக்காது.

தை மாதம் மகள் பிறந்தாள். துரையும் துரைசாணியும் எங்கள் அறைக்கே பார்க்க வந்தார்கள். துரை தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். செல்லம்மா பிள்ளையைத் துரைசாணியின் கையில் கொடுத்தாள். அவர் வெகுநேரம் திருப்பித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.