காட்டை மலையாக்கியபோது

ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் வாத்தியார். ஒரே அறை, ஐந்து வகுப்பு. பூமிசாத்திரம் என்றால் எனக்கு உயிர். பனிப்பிரதேசம், பாலைவனம், புல்வெளி, கடல் என்று கரும்பலகையில் வரைந்து தள்ளுவேன். திமிங்கிலம் எவ்வளவு பெரிசு என்று பிள்ளைகள் கேட்டபோது, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எட்டுக் காம்பரா நீளம் என்றேன். கூலி வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஒருத்தர்கூடக் கடலைப் பார்த்ததில்லை.

ஒருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து பரிசோதகர் வந்தார். "மலையில் வாழும் உயிர்கள் எவை?" என்று கேட்டார். முன்வரிசைப் பிள்ளை எழுந்து, "அட்டை, குளவி, கங்காணி" என்றாள். அவர் முகம் சுருங்கிவிட்டது, எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்களுக்கு மலை என்றால் தேயிலை, அங்கே நின்று வேலை வாங்குகிறவர் கங்காணி. அதற்கு மேலே மேகம் படிந்து கிடந்ததே, அதுதான் காடு. மரைமானும் கருமந்தியும் அங்கே இருந்தன. லயத்துக் குழாய்ப் பீலியில் கொட்டிய தண்ணீரும் அங்கிருந்துதான் வந்தது.

அடுத்த வருஷம் அந்தக் காட்டில் கோடாலி விழுந்தது. "காட்ட மலையாக்கப் போறாங்க மச்சான், வேல கெடைக்கும்" என்று என் தங்கச்சி புருஷன் சந்தோஷமாகச் சொன்னார். மரம் முறியும் சத்தம் காதைப் பிளக்க, நான் உள்ளே மழைக்காட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். என்ன பிழைப்பு! மரைகள் தேயிலைக்குள் இறங்கி நாய்களிடம் மாட்டின. மந்திகள் கருகிய கட்டைகளில் உட்கார்ந்து சில நாள் கத்தின, அப்புறம் காணோம். ஒவ்வொரு உயிருக்கும் ஓர் இடம் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் இது. எங்களையே நாடற்றவர்கள் என்று சட்டம் போட்டுச் சொல்லிவிட்டார்கள், மந்திக்கு யார் இடம் தரப்போகிறார்கள்?

தை மாதம் பீலி நூலாக இளைத்தது. மாசியில் நின்றேவிட்டது. இனிப் பள்ளத்து ஆற்றுக்கு இறங்கித்தான் தண்ணீர் தூக்க வேண்டும். தங்கச்சிக்கு அப்போது ஏழு மாதம். லயத்துக்கு லொறியில் தண்ணீர் அனுப்பும்படி தோட்டத்துத் தொரையிடம் போய்க் கெஞ்சினேன். "அதுக்கெல்லாம் லொறி இல்ல வாத்தியாரே" என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா குறுக்கே பதில் சொன்னார். தொரை தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்த வாரமே தங்கச்சி குடத்தோடு வழுக்கி விழுந்தாள். "அண்ணே, வவுத்துல அசைவே இல்லண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை தங்கவில்லை. படம் வரைந்த கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. உலகத்துக் காடுகளையெல்லாம் தெரிந்து என்ன கிழித்தேன்?

உடம்பு தேறியதும் அவளைப் புது மலையில் கன்று நட அனுப்பினார்கள். போகாவிட்டால் அன்றைய கணக்கில் பேர் விழாது, கூலி கிடையாது. போனாள். அந்தப் பருவம் மழை ஏமாற்றிவிட்டது. நட்ட தேயிலைக் கன்று கருகக்கூடாது என்று லொறியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் வந்து இறங்கியது. நாக்கு வறண்டு நின்றவள் அதில் ஒரு கை அள்ளிக் குடித்திருக்கிறாள். கண்டாக்கையா பார்த்துவிட்டார். பாதிக் கூலியை வெட்டி, அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர் போட்டார்.